ஃபேமிலிக்கு மட்டும்

"ஒரு பொண்ணு, ரெண்டு பசங்க. அவ்வளவுதானேம்மா?" என்றது போனில் வந்த குரல்.

சந்திரலேகா ரிசீவரைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்தாள். வெளியே பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரிகள் தண்டலத்தையே அதிரவைத்துக்கொண்டு போயின, எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கதவு ஒவ்வொரு லாரிக்கும் ஒருமுறை நடுங்கி அடங்கியது. அவள் சொன்னது ஒரு பெண், ஒரு பையன். இரைச்சலில் சரியாகக் கேட்டிருக்காது.

"ஒரு பையன்தாங்க. மொத்தமே ரெண்டு பிள்ளைய."

அந்தப் பக்கம் ஏதோ தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிம்மா, வாங்க. பசங்களுக்கு ஒரு குறையும் இருக்காது" என்றது குரல். தூங்கும் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் அத்தனை மெதுவாக.

அதற்கு முன் பேசிய லாட்ஜுகள் எல்லாவற்றிலும் ஒரே பதில்தான். ஆம்பிளைத் துணை இல்லாமல் வருகிறவளுக்கு ரூம் கிடையாது. ஒருவன் சிரித்துவிட்டுப் போனை வைத்தான். அவள் புருஷன் நம்பிராஜன் வேலை பார்க்கும் கம்பெனியில், சென்னையில் நடக்கும் சிறுவர் நாடகம் ஒன்றுக்குத் தொழிலாளர் குடும்பங்களுக்கென்று பாஸ் கொடுத்திருந்தார்கள். அவனுக்கோ அன்றைக்குப் பார்த்து ஓ.டி., கூடுதல் ஷிப்ட் வேலை. "நீ பிள்ளையளக் கூட்டிட்டு முன்னால போ. நல்ல லாட்ஜாப் பாத்துத் தங்கு. நான் காலைல வந்து சேந்துக்கிடுதேன். கடல் பாத்துட்டு வருவோம்" என்று சொல்லியிருந்தான். அம்பாசமுத்திரத்திலிருந்து பிழைக்க வந்து வருஷங்கள் ஓடிவிட்டன. பிள்ளைகள் இன்னும் கடலைப் பார்க்கவில்லை.

"இன்னா சந்திரா, ரூம் கெச்சிதா?" என்று கேட்டாள் பூத்தை நடத்தும் பாஞ்சாலி.

"கெடச்சிட்டுக்கா. ஃபேமிலிக்கு மட்டுந்தான் குடுப்பாவளாம்."

"அதான் நல்லது. கண்டவனும் குட்ச்சிட்டு கூத்தடிக்கிற எடத்துல புள்ளிங்கள வெச்சிக்கினு எப்டி தூங்குவ?"

சந்திரலேகாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

எழும்பூரில் ஒரு சந்தின் கடைசியில் இருந்தது அந்த லாட்ஜ். மதிய வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் கிணற்றுக்குள் இறங்கியதுபோல் ஒரு குளிர்ச்சி; பினாயில் வாடை, அதற்கு அடியில் குழந்தைகளுக்குப் பூசும் பவுடரின் வாடை, அதற்கும் அடியில் காயாமல் மடித்துவைத்த துண்டின் புழுங்கிய நாற்றம். கவுன்டரில் இருந்த ஒல்லியான மனிதர் பேரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. பிள்ளைகளை மட்டும் பார்த்தார். சாவியைக் கொடுத்தார்.

மாடி வராந்தாவில் எல்லாக் கதவுகளும் சாத்திக் கிடந்தன. ஒவ்வொரு கதவுக்கு முன்னும் ஒரு ஜோடிச் செருப்பு. எல்லாம் குழந்தைச் செருப்புகள். ஒன்றில் பட்டாம்பூச்சி ஒட்டியிருந்தது. ஒன்றில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. அத்தனை பிள்ளைகள் தங்கியிருக்கும் இடத்தில் ஒரு சிரிப்பு இல்லை, ஒரு அழுகை இல்லை. மதியத் தூக்கம்போல என்று நினைத்துக்கொண்டாள்.

அறை சுத்தமாக இருந்தது. வெள்ளை விரிப்பு, சின்ன டி.வி., தகரம் அடித்த பாத்ரூம் கதவு. கட்டிலில் பெரிய தலையணை ஒன்று, சின்னத் தலையணைகள் மூன்று. ஒன்பது வயது சுகப்பிரியா ஒன்றை எடுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஐந்து வயது சக்திகுமார் இன்னொன்றின் மேல் குதித்தான். மூன்றாவதைச் சந்திரலேகா எடுத்து அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். எதற்காக அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

நாடக அரங்க வாசலில் பாஸைக் கிழித்துக் கொடுத்தவன் சக்தியைப் பார்த்து, "இந்தப் பையன் இப்பத்தானே உள்ள போனான்?" என்றான்.

"இல்லங்க, எங்கூடத்தான் வாரான்."

"அப்போ அதே மாதிரி சட்டை போட்ட வேற பையனா இருக்கும்."

அந்தச் சட்டையை அவள்தான் வெட்டித் தைத்திருந்தாள், தன் பழைய பச்சைச் சேலையில். அதேபோல் இன்னொன்று இருக்க வழியில்லை. ஆனாலும் விளக்கு அணைந்து மேடையில் நரியும் கரடியும் பேச ஆரம்பித்ததும் மறந்துபோனாள். சக்தி அவள் மடியில் உட்கார்ந்து, கரடி விழும்போதெல்லாம் பின்மண்டையால் அவள் நெஞ்சில் முட்டி முட்டிச் சிரித்தான். சென்னைக்கு வந்ததே நல்லது என்று தோன்றிய நேரம் அது ஒன்றுதான்.

லாட்ஜுக்குத் திரும்பும்போது பொழுது மங்கிக்கொண்டிருந்தது. அறைக்குள் வந்ததும் சக்தி, "எம்மா, ஒண்ணுக்கு" என்று பாத்ரூமுக்குள் ஓடினான். கதவு சாத்திக்கொண்டது. சந்திரலேகா பையிலிருந்து இட்லிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். டி.வி.யில் ஏதோ பாட்டு. சாம்பாரை ஊற்றிவிட்டு நிமிர்ந்தபோது பிள்ளைகள் இருவரும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். நீல வெளிச்சம் இரண்டு முகங்களிலும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் எப்போது வந்தான் என்று கவனிக்கவில்லை. அக்காவின் தோளில் சாய்ந்திருந்தான்.

அப்போது பாத்ரூமிலிருந்து குரல் வந்தது.

"எம்மா, நனைஞ்சிட்டேன். துண்டு தாம்மா."

சக்தியின் குரல்.

அவள் கையிலிருந்த இட்லி இலையில் விழுந்தது. கட்டிலைப் பார்த்தாள். அவன் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலையைத் திருப்பவில்லை.

"எம்மா, தம்பி கூப்பிடுதாம்லா" என்றாள் சுகப்பிரியா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "துண்டக் குடு."

"சுகி... ஒம் பக்கத்துல இருக்கது யாருட்டி?"

சுகப்பிரியா திரும்பிப் பார்த்தாள். தோளில் சாய்ந்திருந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள். "தம்பிதான்" என்றாள். பிறகு பாத்ரூம் கதவைப் பார்த்தாள். அவள் உதடு கோணிக்கொண்டு அழத் தயாரானது.

கரண்ட் போயிற்று. டி.வி.யின் பாட்டு பாதியில் அறுந்தது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றாக இளைத்து நின்றது. ஊர் முழுக்க ஒரு கணம் வாயடைத்ததுபோல் இருந்த அந்த அமைதியில், எங்கோ குழாய் சொட்டும் சத்தமும், தகரக் கதவின் மேல் ஒரு சின்னக் கை தட்டும் சத்தமும் மட்டும் கேட்டன.

"எம்மா, இருட்டா இருக்கு. தாப்பா தொறக்க வரல."

சந்திரலேகா கதவைத் தோளால் இடித்தாள். தகரம் குழிந்தது, திறக்கவில்லை. "சக்தி, அழாதல. அம்மா இங்கதான் இருக்கேன்." மறுபடி இடித்தாள். பின்னால் அவள் முந்தானையை யாரோ பிடித்து இழுத்தார்கள். கட்டிலில் இருந்தவன் இறங்கி வந்து நின்றுகொண்டிருந்தான். ஜன்னலின் மங்கிய வெளிச்சத்தில் அதே பச்சைச் சட்டை, அதே தூக்கிய புருவம். "எம்மா, பயமா இருக்கு. உள்ள யாரும்மா?" என்றான். அவன் கை சூடாக இருந்தது.

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அவளும் சக்தியும் மட்டும் அறிந்த ஒன்று இருந்தது.

"நேத்துக் காலைல நீ என்ன பண்ணின? அப்பாட்ட சொல்லக்கூடாதுன்னு சொன்னேன்லா, அது என்னது?"

"பாயில ஒண்ணுக்குப் போயிட்டேன்."

இரண்டு இடத்திலிருந்து வந்தது பதில். ஒரே நேரத்தில். ஒரே வெட்கத்தோடு.

அவள் தரையில் விழுந்து கதவின் அடி இடுக்கில் கண்ணை வைத்தாள். பாத்ரூமின் உயர ஜன்னல் வழியாகப் அந்தியின் மிச்ச வெளிச்சம் கொஞ்சம் விழுந்துகொண்டிருந்தது. ஈரத் தரை தெரிந்தது. கவிழ்ந்த மக் தெரிந்தது. கதவு அவள் நெற்றிக்கு நேராகத் தட்டப்பட்டு அதிர்ந்தது.

கால்கள் இல்லை.

எந்தக் காலும் இல்லை.

அதன் பிறகு அவள் யோசிக்கவில்லை. முந்தானையைப் பிடித்திருந்தவனை அள்ளி இடுப்பில் வைத்தாள். சுகப்பிரியாவின் கையைப் பிடித்து இழுத்தாள். சுகப்பிரியா வரவில்லை. கதவின் கொண்டியைப் பிடித்துத் தொங்கினாள். "தம்பி உள்ள இருக்கான். எம்மா, தம்பி உள்ளல்லா இருக்கான்." சந்திரலேகா மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். வராந்தா. செருப்புகள். படி. கவுன்டரில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அந்த மனிதர் தலை நிமிரவில்லை. சந்தின் முனை வரைக்கும் அந்தக் குரல் அவள் பின்னால் வந்தது.

"எம்மா. போகாதம்மா. எம்மா."

பஸ்ஸில் அவன் அவள் மடியில் தூங்கினான். பூந்தமல்லி தாண்டி, இருட்டில் கம்பெனி விளக்குகள் தெரியத் தொடங்கியபோது, அதுவரை அழுதுகொண்டே வந்த சுகப்பிரியா கையை நீட்டித் தம்பியின் மூக்குக்கு அடியில் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள்.

"எம்மா. இவன் மூச்சு விடல."

"தூங்குதாம்ட்டி."

"மூச்சே விடலம்மா."

"சும்மா இரு." அவள் மகளின் கையைத் தட்டிவிட்டாள். தான் ஒருமுறைகூட வைத்துப் பார்க்கவில்லை. அவன் சூடாகத்தான் இருந்தான். சூடாக இருக்கிறான், சூடாக இருக்கிறான் என்று தண்டலம் வரும் வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

இறங்கியதும் நேராகப் பாஞ்சாலியின் பூத்துக்குத்தான் ஓடினாள். லாட்ஜ் நம்பர் தப்பித் தப்பிப் போக, பாஞ்சாலிதான் போட்டுக் கொடுத்தாள். "இன்னா ஆச்சி, ஏன் இப்டி வந்துகினுகீற?" என்று அவள் கேட்டது சந்திரலேகாவின் காதில் ஏறவில்லை.

"பாத்ரூம்... அந்த பாத்ரூம் கதவைத் தொறந்து பாருங்க. உள்ள ஒரு பிள்ள..."

"பாத்துட்டோம்மா" என்றது அந்த மெதுவான குரல். "கதவு தொறந்துதான் கெடக்கு. உள்ள யாரும் இல்ல. ரெண்டு பசங்களையும் நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க?"

போன் வைக்கப்பட்டது.

நம்பிராஜன் அப்போதுதான் ஓ.டி. முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவள் நாக்குழறிச் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டான். பிள்ளையை வாங்கித் தூக்கி, முழங்காலில் இருந்த பழைய காயத் தழும்பைத் தடவிப் பார்த்தான்.

"நம்ம சக்திதான் சந்திரா. வேற யாரு? புது எடம், கரண்டு வேற இல்ல. தனியா அனுப்பினது என் தப்பு."

"நீங்க அந்தக் குரலக் கேக்கலயே."

"காலைல நானே அந்த லாட்ஜுக்குப் போயி என்ன ஏதுன்னு கேட்டுட்டு வாரேன். போதுமா? படு."

இரண்டு ஷிப்ட் நின்ற களைப்பு. பையனைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தவன் உடனே குறட்டை விட்டான். சுகப்பிரியா சுவர் ஓரமாக, தம்பியிடமிருந்து எவ்வளவு தள்ளிப் படுக்க முடியுமோ அவ்வளவு தள்ளிப் படுத்து அழுதழுதே தூங்கிப்போனாள். ஓரகடம் பக்கம் போகும் கம்பெனி பஸ் ஒன்று தெருவைக் கடந்தது. அதன் வெளிச்சம் கூரையில் ஊர்ந்து சுவரில் இறங்கி மறைந்தது.

சந்திரலேகா முட்டிபோட்டு அவன் பக்கத்தில் போனாள்.

புருஷனின் கையை மெல்ல நகர்த்தினாள். பச்சைச் சட்டையின் பட்டன்களைக் கழற்றினாள். ஒவ்வொன்றாக. அந்தச் சின்ன நெஞ்சில் காதை வைத்தாள்.

ஒன்றும் இல்லை.

மூச்சு இல்லை. துடிப்பு இல்லை. சுவரில் காதை வைத்ததுபோல் இருந்தது. அவள் தன் மூச்சையும் அடக்கிக்கொண்டு இன்னும் அழுத்தினாள்.

வெகு தூரத்தில், வெகு ஆழத்தில், தண்ணீர் சொட்டும் சத்தம்.

பிறகு தகரத்தில் ஒரு கை.

தட். தட். தட்.

"எம்மா." அழுது அழுது தேய்ந்துபோன குரல். "கதவத் தொறம்மா."

அவள் தலையை நிமிர்த்தினாள். அவன் கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடுகள் மூடியிருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவசரமில்லாமல், கீழேயிருந்து ஒவ்வொன்றாக, சட்டைப் பட்டன்களைப் போட ஆரம்பித்தான்.