உடைக்காத பூட்டு

காய்ச்சல் விட்ட மத்தியானத்தில்தான் பூட்டுக்காரி முதன்முதலாக அந்தச் சத்தத்தைக் கேட்டாள். கீழே கடையில் தம்பி சாவி வெட்டும் கிறீச்சொலி ஓய்ந்த இடைவெளியில், தைல வாடையும் வியர்வை ஊறிய போர்வையின் புளித்த வாடையும் கலந்து தேங்கிக் கிடந்த மாடியறையில், ஈரத்துணியை யாரோ மெல்லப் பிழிவதுபோல, காதுக்கு வெகு அருகில் ஒரு கொழகொழப்பு. அவள் மூச்சை இழுத்தால் அதுவும் இழுத்தது. விட்டால் விட்டது, கொஞ்சம் தாமதமாக.

தம்பி வெந்நீரோடு வந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

"ஜுரம் போயே போச்சு. நாளைக்குக் கடைக்கு வந்துடுக்கா. நான் வெட்டின சாவிய வச்சுக்கிட்டு ரெண்டு பேரு சொந்த வீட்டு வாசல்லயே நிக்கறாங்களாம்."

"உன் சாவி திருடனுக்குக்கூட உதவாதுடா."

சிரிப்பு இருமலாகிவிட்டது. கைக்குட்டையில் விழுந்த சளியில் துருவின் நிறம். அவன் பார்ப்பதற்குள் மடித்துக்கொண்டாள்.

பூட்டை உடைத்து நுழைந்தவனுக்கு அவள் என்றுமே பயந்ததில்லை. அவன் அவசரக்காரன், கிடைத்ததை அள்ளிக்கொண்டு ஓடிவிடுவான். உடையாத பூட்டு திறந்து கிடக்கும் வீடுகளைப் பார்த்தால்தான் அவளுக்குப் பயம். அங்கே உள்ளே போனவன், ரொம்ப நாளாய் அந்த வாசலிலேயே இருந்தவன்.

பொழுது சாய்ந்தபோது குளிர் திரும்பி வந்தது. பல் கிட்டியது. வலப்பக்கம் புரண்டாள், விலாவுக்குள் ஏதோ நுழைந்து, நின்று, திருகியது. தம்பியைக் கூப்பிட வாய் திறந்தாள். குரல் இல்லை. கொழகொழப்பு மட்டும்.

இப்படியே கிடந்து போகிறவள் இல்லை அவள். தலைமாட்டிலிருந்த இரும்புப் பூட்டை எடுத்து, கீழே கடைவரை அதிரும்படி தரையில் அடித்தாள். மறுபடி அடித்தாள். தம்பி படியேறி ஓடிவந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். வலது நுரையீரலின் அடிப்பாகம் முழுக்க வெள்ளை.

"நிமோனியா. வைரஸ் அடங்கிடுச்சும்மா, ஆனா மூச்சு வழியெல்லாம் புண்ணாக்கிட்டுப் போயிருக்கு. அது வழியா பாக்டீரியா உள்ள இறங்கிடுச்சு."

"எங்கேர்ந்து வந்துச்சு?"

"வெளியேர்ந்து வரணும்னு இல்ல. உங்க மூக்குலயும் தொண்டையிலயும் ரொம்ப நாளா சாதுவா இருந்திருக்கும்."

வாசலிலேயே இருந்தவன்.

கையில் மருந்து ஏறியது. முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். மூச்சு விடும்போதெல்லாம் அதன் உட்புறம் ஆவி படிந்து வெளுத்தது, இழுத்தால் தெளிந்தது. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து அவள் விரல்களைப் பிடித்திருந்தான். மாஸ்க்குக்குள் அவள் முணுமுணுத்தாள்.

"என்னக்கா?"

"உன்ன சொல்லலடா."

கொழகொழப்பு கேட்டது. இப்போது தாமதமே இல்லை. அவளோடு சேர்ந்தே.

'இத்தனை நாள் வாடகை குடுக்காம இருந்தே, பொறுத்துக்கிட்டேன். இது என் வீடு. இந்த மூச்சு யாருதுன்னு இப்பவே பாத்துடலாம்.'

உதடுகளை இறுக்கினாள். மூச்சை அடக்கினாள். விலா அசையவில்லை. கொழகொழப்பு நின்றது. மாஸ்க் தெளிந்தது.

தம்பியின் விரல்களை அழுத்தினாள். ஜெயித்த அழுத்தம்.

மாஸ்க் வெளுத்தது.

உள்ளிருந்து. மெல்ல. முழுக்க.

அவள் இன்னும் மூச்சை விடவில்லை.