அரைக் கோப்பைத் தேநீர்

"எந்திரிம்மா, போகலாம். நம்மளக் கெளம்பச் சொல்லிட்டாங்க."

செஸிமுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையில் கெட்டிலோடு நின்றாள். யார் கிளம்பச் சொன்னது? இப்போதுதானே அம்மா, மகன் இரண்டு பேரையும் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தாள்?

மகன் கண்ணாலேயே கோப்பையைக் காட்டினான். விளிம்பு வரை ததும்பி நின்றது தேநீர்.

ஐயோ...

விருந்தாளிக்குப் பாதிக் கோப்பைதான் ஊற்ற வேண்டும். குடித்துவிட்டு நீட்டுவார், மறுபடி ஊற்ற வேண்டும். போதும் என்றால் அவரே உள்ளங்கையால் கோப்பையை மூடுவார். நிறைய ஊற்றிக் கொடுத்தால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று பொருள். கிர்கிஸ் வீட்டில் ஐந்து வயதுப் பெண்ணுக்குக்கூட இது தெரியும். ஆனால் விடுதியில் ஐந்து வருடம் குவளை நிறைய ஊற்றிக் குடித்த கை... காலையிலிருந்து பதினான்கு நோயாளிகள் வேறு...

"மன்னிச்சுக்கங்க அண்ணே, ஏதோ ஞாபகத்துல..."

"ஏழு மணி நேரம் மலை எறங்கி வந்திருக்கோம். ஒரு வாய் டீயிலயே தொரத்துறீங்க."

"டேய் எர்மெக், உட்காருடா," என்றாள் அவன் அம்மா தொக்தோகான். "சின்னப் பொண்ணு, கை தவறிடுச்சு. நீ என்ன பெரிய ராஜாவா? மகளே, இவன அண்ணேன்னு கூப்பிடாத. இருபத்தேழுதான் ஆகுது. சுரங்கத்துக் கரி இவன் மூஞ்சில பத்து வருஷத்தக் கூட்டி வெச்சிருக்கு."

செஸிம் அப்போதுதான் அவனை நேராகப் பார்த்தாள். வெளியே ஏப்ரல் மழை ஜன்னலில் வழிந்தது. அவன் முகம் தேய்த்துத் தேய்த்துக் கழுவிச் சிவந்திருந்தது. ஆனால் இமை ஓரத்தில் மட்டும் கரித்தூள் போகாமல் படிந்திருந்தது... யாரோ மெனக்கெட்டு மை தீட்டி விட்டதுபோல. அந்த மைக்கு நடுவே இரண்டு கண்கள் அவளை முறைத்தன.

இவ்வளவு அழகான கண்ணை வைத்துக்கொண்டா இந்த ஆள் இப்படி முறைக்கிறான்?

நினைத்ததும் அவளுக்கே காது சூடானது. கோப்பையை எடுத்துப் பாதியைத் தன் குவளையில் கொட்டிவிட்டு, மீதியை அவன் முன்னால் வைத்தாள். "இப்போ உட்காருவீங்களா?"

உட்கார்ந்தான்.

அது பிஷ்கெக் நகரத்தில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை. தாழ்வாரக் கோடியில் இருந்த அந்த அறைக்கு வருகிறவர்களுக்கு அறுவை சிகிச்சை முடிந்திருக்கும், ஊசி மருந்தும் முடிந்திருக்கும். இனிமேல் எப்படி வாழ்வது என்பதற்கு அந்த அறை. வீங்கிய கையை நீவி விடுவது, மூச்சுப் பயிற்சி, என்ன சாப்பிடலாம், எப்படித் தூங்கலாம்... மருத்துவம் படிக்கும் செஸிம் நான்கு மாதப் பயிற்சிக்கு அங்கே வந்திருந்தாள். அறைக்குப் பொறுப்பான டாக்டர் கூல்சாய்ரா முதல் நாளே ஒன்று சொன்னார்: "படிவத்துல ஒன்பதாவது கேள்வி, வீட்டுல வேற என்ன மருந்து சாப்பிடுறீங்கன்னு. எல்லாரும் ஒண்ணுமில்லன்னுதான் சொல்வாங்க. எல்லாரும் பொய் சொல்வாங்க. அதனால மொதல்ல டீய ஊத்து. அப்புறம் கேளு."

தொக்தோகானும் சொன்னாள், "ஒண்ணுமில்ல." பிறகு வீங்கிய வலது கையை மேசைமேல் தூக்கி வைத்தாள். "இது எப்ப வத்தும் மகளே? ஜூலையில குதிரைப் பால் கறக்கணும். குதிரைப் பால் கறக்காம நான் என்ன பொம்பள?"

"கறக்கலாம். ஆனா தெனம் நீவி விடணும். வீட்டுல யாரு செய்வா?"

அம்மா மகனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

பத்து நாளைக்கு ஒருமுறை வந்தார்கள். எர்மெக் காரா-கெச்சே சுரங்கத்தில் கரி லாரி ஓட்டுகிறவன். வார்ப்பிரும்புச் சட்டிபோல் கனத்த கை. அந்தக் கையை மென்மையாக்கச் செஸிம் படாத பாடு பட்டாள்.

"ஐயோ, இது கை. டயர் இல்ல."

"மெதுவாத்தான் அழுத்துறேன் டாக்டரம்மா."

"நான் டாக்டர் இல்ல, மாணவி. விரல் நுனியிலேருந்து மேல, தோள் பக்கமா. கன்னுக்குட்டியத் தடவுற மாதிரி."

"கன்னுக்குட்டி இவ்வளவு பேசாது."

தொக்தோகான் குலுங்கிச் சிரித்தாள். செஸிம் அவன் விரல்மேல் தன் விரலை வைத்து அழுத்தம் காட்டிக் கொடுத்தாள். நகக்கண்ணில் கரி. அவள் அப்பா சந்தையில் மூட்டை தூக்குகிறவர். உழைக்கிறவன் கை அவளுக்குப் புதிதல்ல. பிறகு ஏன் அந்த ஒரு கையைத் தொட்டால் மட்டும் அவளுக்கு நீவும் எண்ணிக்கை மறந்தது?

அவனும் மாறித்தான் போனான். கோப்பையை நீட்டும்போது "இன்னும் கொறச்சு ஊத்துங்க" என்றான்.

"ஏன், டீ பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு... அதான்."

குறைய ஊற்றினால் நிறைய தடவை ஊற்றலாம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கெட்டில் மூடியைச் சரிசெய்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

மே மாதக் கடைசியில் தொக்தோகானின் கை பாதி வற்றிவிட்டது. ஆனால் நாடி பிடித்தபோது செஸிமுக்கு நெற்றி சுருங்கியது. நாலு துடிப்பு ஒழுங்காக வந்தது. ஐந்தாவது, படி தெரியாமல் கால் வைத்தவன்போல் தடுக்கியது. மறுபடி பார்த்தாள். மறுபடியும் தடுக்கியது.

"வீட்டுல ஏதாவது மருந்து..."

"ஒண்ணுமில்லன்னு எத்தன தடவ சொல்றது!" என்று சிரித்தாள் தொக்தோகான்.

படபடப்போடு டாக்டரைக் கூப்பிட எழுந்தவள், மருந்துக்கான நேரம் என்று எர்மெக் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பழுப்புக் குப்பியை எடுப்பதைப் பார்த்தாள். அம்மாவின் தேநீரில் சொட்டுச் சொட்டாக விட்டான். உதடு அசைய எண்ணிக்கொண்டே விட்டான், பக்தியோடு.

"என்னது அது?"

"மல வேர். நானே தோண்டி, நானே ஊற வெச்சது."

மலைச் சரிவில் நீலப்பூ பூக்கும் செடியின் வேர். மேய்ப்பர்கள் அந்தப் பக்கம் ஆட்டை விட மாட்டார்கள். செஸிம் தொக்தோகானின் கோப்பையைச் சட்டென்று தன் பக்கம் இழுத்தாள்.

"எத்தன நாளாக் குடுக்கிறீங்க?"

"ஆறு மாசமா. எங்கம்மாவக் காப்பாத்தினதே இதுதான். உங்க ஊசியில முடி கொட்டுச்சு, வாந்தி எடுத்தா, எலும்பாப் போனா. இதக் குடுத்தப்புறம்தான் எந்திரிச்சு உட்கார்ந்தா."

"ஊசி முடிஞ்சதால எந்திரிச்சாங்க! இது வெஷம். தெரியுமா உங்களுக்கு? பெத்த தாய்க்கு உங்க கையாலயே வெஷம் ஊத்திட்டிருக்கீங்க!"

கதவு திறந்து கிடந்தது. தாழ்வாரம் முழுக்கக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எர்மெக்கின் முகத்தில் ரத்தம் ஏறியது. "வெஷமா? நான் எங்கம்மாவுக்கு வெஷம் வெக்கிறேனா? பாரு..."

அவள் பாய்ந்து பிடிப்பதற்குள் குப்பியைக் கவிழ்த்து ஒரே மடக்காகக் குடித்துவிட்டான்.

"ஒண்ணும் ஆகல. பாத்தியா?" என்றான். சற்று நேரத்தில் உதட்டைத் தேய்த்தான். "வாயில எறும்பு ஊருது..." அவ்வளவுதான். நாக்கு குழறியது. வேர்வை கொட்டியது. அத்தனை பெரிய உடம்பு சுவரோரமாய் வழுக்கிக் கீழே சரிந்தது. தொக்தோகான் போட்ட சத்தத்தில் மூன்று மாடியிலிருந்தும் ஆள் ஓடி வந்தது.

இரண்டு நாள் அவன் நெஞ்சில் ஒயர்களோடு கிடந்தான். பக்கத்து வார்டில் அம்மாவின் நாடியைக் கவனித்தார்கள். பிழைத்தான். வாலிபமும் சுரங்கத்து உடம்பும் காப்பாற்றின. செஸிம் நேரம் கிடைக்கும்போதெல்லாம் போய் நின்றாள். அவன் விழித்துத்தான் இருந்தான். அவளைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். மூன்றாம் நாள் கட்டில் காலி.

டாக்டர் கூல்சாய்ரா அவளை உட்கார வைத்துச் சொன்னார். "நீ சொன்னது சரி. சொன்ன விதம் அசிங்கம். கதவத் தொறந்து வெச்சுக்கிட்டு, பத்துப் பேர் முன்னால, ஒருத்தன் அம்மாமேல வெச்ச பாசத்தக் கொலன்னு சொன்ன. இனிமே அந்தத் தாழ்வாரத்துல யாராவது ஒன்பதாவது கேள்விக்கு உண்மையச் சொல்வாங்களா?"

செஸிம் அழுதாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு அடுத்த நோயாளிக்குத் தேநீர் ஊற்றினாள். வேறென்ன செய்வது? யாரும் உண்மையைச் சொல்லவில்லை.

வேர் நின்றதும் தொக்தோகானின் நாடி தடுக்குவதை நிறுத்தியது. பத்து நாளைக்கு ஒருமுறை வரத்தான் செய்தாள். ஆனால் தங்கை மகளோடு.

"அவரு... கோவமா இருக்காராம்மா?" ஒருநாள் தைரியம் வந்து கேட்டாள் செஸிம்.

"கோவமா? நல்லா இருக்கு போ. உன் மொகத்துல முழிக்க மொகம் இல்லையாம். சோறு எறங்கல அவனுக்கு. ஆறு மாசம் என் கையாலயேன்னு சொல்லிச் சொல்லி மாய்றான். வேல முடிஞ்சா வீட்டுக்கும் வரதில்ல, எங்கயோ சுத்துறான்."

கோபம் என்றால் தேவலை. கோபத்தைச் சமாதானம் செய்யலாம். அவனைத் தேடிப் போகவா? போனில் கூப்பிட்டாள், மலையில் சிக்னல் இல்லை. மன்னிப்புக் கேட்டு எழுதினாள், கிழித்தாள். மழை பெய்த நாளிலெல்லாம் கதவைப் பார்த்தாள்...

ஜூலை வந்தது. பயிற்சியின் கடைசி நாள். சிகிச்சை முடிந்தவர்கள் எல்லாரும் கூடிச் சாப்பிடும் நாளும் அதுவே. தொக்தோகான் தோல் பையில் குமிஸோடு வந்து இறங்கினாள். புளித்த குதிரைப் பால் மணம் அறையெல்லாம் பரவியது.

"என் கையால கறந்தது," என்று வலது கையை உயர்த்திக் காட்டினாள். வளையல் முழங்கை வரை இறங்கி ஆடியது. "குடி மகளே. மொதக் கோப்ப உனக்கு. ஆண்டவன் உன்ன நல்லா வெக்கணும். உன் வாய் கொஞ்சம் நீளம். ஆனா அந்த வாய்தான் என்னையும் பொழைக்க வெச்சுது, என் புள்ள கண்ணையும் தொறந்துது."

செஸிமால் குடிக்க முடியவில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தாள்.

"அவன் கீழதான் நிக்கிறான். லாரியில. ஏற மாட்டேங்கிறான் கழுத."

செஸிம் கெட்டிலையும் ஒரு கோப்பையையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். வெளியே தூறிக்கொண்டிருந்தது. எர்மெக் லாரியின் படியில் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான். அதே மை தீட்டிய கண்... ஆனால் முறைக்கவில்லை. தரையைப் பார்த்தது.

"நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்," என்றாள். "அத்தன பேர் முன்னால..."

"நீ கேக்காத." அவன் அவசரமாகத் தடுத்தான். லாரிக்குள் கையை விட்டு ஒரு மரப்பெட்டியை எடுத்து அவள் காலடியில் வைத்தான். திறந்தால்... குப்பிகள். பழுப்பு, பச்சை, வோட்கா பாட்டில், குழந்தை மருந்துப் புட்டி. பத்தொன்பது இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு காகிதத் துண்டு, கோணல் எழுத்தில் பெயர்.

"எங்க ஊர்லயும் சுரங்கத்துலயும் வீடு வீடாப் போனேன். நாக்கு செத்துப்போனதச் சொன்னேன். நெஞ்சு நின்னு நின்னு அடிச்சதச் சொன்னேன். படிச்சவங்க சொன்னா நம்ப மாட்டாங்க. குடிச்சுட்டு விழுந்தவன் சொன்னா நம்புறாங்க." மெல்ல மூச்சு விட்டான். "ஒன்பதாவது கேள்விக்கு இத எழுதிக்க. பேரெல்லாம் இருக்கு. இதுல நாலு பேரு உங்க ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க."

செஸிம் பெட்டியையே பார்த்தாள். நான்கு மாதம் அவள் கேட்டுக் கேட்டு ஒருவர்கூடச் சொல்லாத பதில், மழையில் நனைந்தபடி காலடியில் இருந்தது.

"இதுக்குத்தான் வீட்டுக்குப் போகாம சுத்துனீங்களா?"

"வெறுங்கையோட உன் முன்னால எப்படி வந்து நிக்கிறது? எங்கம்மா உசுரோட இருக்கா. பால் கறக்குறா. அதுக்கு நான் நன்றின்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா... அது பத்தாது."

அவள் கோப்பையில் ஊற்றினாள். பாதிக்கும் குறைவாக. நீட்டினாள். குடித்தான். நீட்டினான். மறுபடி ஊற்றினாள், இன்னும் குறைவாக.

"இன்னிக்கோட இங்க உன் வேல முடியுதாம். அம்மா சொன்னா."

"ம்."

"அப்புறம் எங்க?"

"ஒரு வருஷம் படிப்பு இருக்கு. அதுக்கப்புறம் மலையோரமா எங்கயாவது போடச் சொல்லிக் கேக்கலாம்னு... அங்கதான் குப்பி நெறைய இருக்காம்."

அவன் நிமிர்ந்தான். கண்ணோரக் கரியில் மழைத்துளி இறங்கிக் கன்னத்தில் கோடு போட்டது. மழைத்துளிதானா?

"செஸிம்." முதல் தடவையாகப் பெயர் சொன்னான். "எனக்குப் பேச வராது. லாரி ஓட்டத்தான் வரும். அந்த ஒயரெல்லாம் மாட்டிக் கெடந்தப்போ சாவு பயம் வரல. நீ வந்து நின்னப்பதான் பயம் வந்துது. இவ இனி நமக்கு டீ ஊத்த மாட்டாளேன்னு. உன்ன எனக்குப் பிடிச்சிருக்கு. அன்னிக்கு நெறைய ஊத்தித் தொரத்துனியே, அப்பவே."

"அப்பவேவா? அப்புறம் ஏன் அப்படி முறைச்சீங்க?"

"வேற எப்படிப் பாக்கறதுன்னு தெரியல."

அவள் சிரித்தாள். அழுகையும் கூடவே வந்தது. "எனக்கும் அப்பவேதான்," என்றாள் மெல்ல. "நீங்க முறைச்ச அந்தக் கண்ணப் பாத்தப்பவே."

கோப்பை மறுபடி நீண்டது. கெட்டிலைச் சாய்த்தாள். இரண்டு சொட்டு விழுந்தது, அவ்வளவுதான்.

"தீந்துபோச்சு."

"நான் இன்னும் மூடலையே."

"இருங்க... கொதிக்க வெச்சு எடுத்துட்டு வரேன்."

வெறுங்கெட்டிலோடு அவள் படியேறி ஓடினாள். மேல் ஜன்னலில் தொக்தோகான் வற்றிய கையை ஆட்டி ஏதோ கத்தினாள். மழை வலுத்தது. எர்மெக் லாரிப் படியில் உட்கார்ந்து காத்திருந்தான். கோப்பைக்குள் மழை சொட்டியது. அப்போதும் அவன் அதைக் கையால் மூடவில்லை.