விளக்கு வைக்கிற நேரத்தில் வந்த போன்

ஈஸ்வரி வாசலில் வந்து நின்றபோது ராஜவேலு ஜீப்பின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு என்ஜினைத் திட்டிக்கொண்டிருந்தார். பாஸ்போர்ட் விசாரணைப் பிரிவில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஜோஹரா, மூச்சிரைப்புக்கு மலைக்காற்று நல்லது என்று ஜமுனாமரத்தூரில் வீடு எடுத்திருந்தார். அவருக்கு டிரைவராக இருந்த ராஜவேலுவும் பின்னாலேயே மலையேறிவிட்டார். துப்பறிவதில் ராஜவேலுவுக்கு ஆசை மலையளவு. திறமையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

"எங்க வூட்டுக்காரரு துபாய்ல மாட்டிக்கினாரு மேடம்," என்றாள் ஈஸ்வரி. விடியுமுன் தன் ஊரிலிருந்து நடக்கத் தொடங்கியவள். "எப்பிடியாவது அவர இட்டாந்து குடுங்க. மாமனாருக்கு உசுரு இழுத்துக்கினு கெடக்குது. ரெண்டு நாளா கஞ்சி எறங்கல. புள்ள மொகத்தப் பாத்துட்டுப் போவட்டும்."

ஜோஹரா அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "மொதல்லேர்ந்து சொல்லும்மா."

அவள் கணவன் சந்திரன் துபாயில் ஒரு கட்டடக் கம்பெனியில் இருந்தான். மேற்பார்வையாளனின் கெடுபிடி தாங்காமல் வேலையை விட்டான். விட்டதும் விசா ரத்தாகிவிட்டது. அதன்பிறகு சில வாரங்கள் அவகாசம் தருவார்களாம். அதற்குள் இன்னொரு முதலாளி புது விசா எடுத்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். எந்த முதலாளியும் கிடைக்கவில்லை. கெடு முடிந்து மூன்று மாதம் ஆகிறது. அபராதம் ஏறிக்கொண்டே போகிறது, ஏர்போர்ட்டில் கால் வைத்தால் பிடித்துக்கொள்வார்கள் என்கிறான் சந்திரன்.

"வேற குடும்பம் ஆயிருக்கும் மேடம், எழுதி வெச்சிக்கோங்க," என்று ராஜவேலு ஜோஹராவின் காதருகே கிசுகிசுத்தார். அந்தக் கிசுகிசு பக்கத்து வீடுவரை கேட்டிருக்கும். ஈஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜோஹரா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பினார். "உங்கிட்ட எப்போ பேசுவாரு?"

"சாயந்தரம் வெளக்கு வெச்சிட்டுப் பாறை மேல ஏறுவேங்க. அங்கதான் டவர் கெடைக்கும். ஏறின கையோட வீடியோ கால் வரும்."

"எதுல?"

"வாட்ஸப்புல. முன்னல்லாம் வேற ஏதோ ஆப்புலதான் பேசுவாரு, அங்க வாட்ஸப்புல கால் போவாதாம். இப்ப தொறந்து வுட்டுட்டாங்கன்னு சொன்னாரு."

"அவர் பின்னால என்ன தெரியும்?"

"சின்ன ரூமுங்க. லைட்டு எரியும். ஜன்னலு இருட்டாக் கெடக்கும்." சற்று யோசித்தாள். "நகமெல்லாம் நீலமா இருந்திச்சி. இன்னா இதுன்னேன். பெயிண்டு வேலை பழகுறேன்னாரு. பேசும்போதே பாங்கு சொல்ற சத்தம் கேக்கும். அது கேட்டா எனக்கு ஒரு தெம்புங்க, பத்திரமா அங்கதான் கீறாருன்னு."

"அப்புறமென்ன, துபாயேதான்," என்றார் ராஜவேலு.

ஜோஹராவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சொன்னால் இந்தப் பெண்ணுக்கு வலிக்கும். சொல்லாவிட்டால் கிழவர் மகனைப் பார்க்காமலே போய்விடுவார். இரண்டில் எது நல்லது என்று அவருக்குத் தெரியவில்லை, நேரமும் இல்லை.

"ஈஸ்வரி, உங்க வூட்டுக்காரர் துபாய்ல இல்லம்மா," என்றார்.

அவள் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால. நீ வெளக்கு வெக்கிறப்போ அங்க இன்னும் வெயில் அடிச்சிக்கினு இருக்கும். ஜன்னல் இருட்டா இருக்காது."

"கறுப்புத் துணி போட்டு மூடியிருப்பான்," என்றார் ராஜவேலு.

"சரி, ஜன்னல மூடலாம். பாங்க மூட முடியுமா? மஃரிப் பாங்கு சூரியன் மறைஞ்சப்புறம்தான் சொல்வாங்க. அதுக்கு முந்தினது அஸர், மத்தியானம் சாஞ்சதும் முடிஞ்சிடும். நீ பேசுற அந்த நேரத்துக்கு துபாய்ல எந்தப் பாங்கும் கிடையாது. இங்க நம்ம பக்கத்துலதான் உண்டு. வாட்ஸப்பும் அதனாலதான் ஒழுங்கா வருது."

"நகத்துல நீலம்?" ராஜவேலுவின் குரல் இறங்கிவிட்டது.

"எங்க அண்ணன் வாணியம்பாடி டேனரியில இருந்தார். தோலைப் பதம் பண்ற தண்ணி நீலமா இருக்கும், கையுறை கிழிஞ்சா நகத்துல ஏறிடும். அப்புறம் எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. மலை எறங்கினா மொதல்ல வர்ற டேனரி ஊரும் அதுதான்."

ஈஸ்வரி அழவில்லை. பையிலிருந்து போனை எடுத்து நீட்டினாள். ஜோஹரா சந்திரனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"சந்திரன், நான் ஜோஹரா பேசறேன், ரிட்டயர்டு போலீஸ். உங்க மேல ஒரு கேஸும் இல்ல, பயப்படாதீங்க. வாணியம்பாடியில எந்தத் தெருன்னு மட்டும் சொல்லுங்க. ஜீப் அனுப்பறேன்."

தணிந்த குரலில் சந்திரன் கேட்டான். "ஈஸ்வரி அங்க கீதுங்களா?"

"கீறேன்," என்றாள் ஈஸ்வரி. "ஏன்யா?"

"கெடு முடியறதுக்குள்ள கெளம்பி வந்துட்டேன். அங்க நான் ஏறி எறங்காத கம்பெனி இல்ல. எல்லாரும் விசா கீதான்னுதான் மொதல்ல கேக்குறான். வாணியம்பாடியில எறங்கினேன், மலைக்கு பஸ் ஏற முடியல. ஊரே வந்து வழியனுப்பிச்சி. அப்பா பாக்கறவங்க கிட்டல்லாம் எம்புள்ள துபாயின்னு சொல்லிக்கினு திரிஞ்சாரு. புதுசா ஒரு விசா கெடச்சிட்டா துபாய்லேர்ந்து வர்ற மாரியே வந்துட்டுப் போய்டலாம்னு பாத்தேன். ஏஜென்ட்டு இன்னிக்கு நாளைக்குன்னு இழுத்துட்டான். அப்பாவுக்கு முடியலன்னு நீ சொல்றதுக்குள்ள எல்லாப் பொய்யும் சொல்லி முடிச்சிட்டேன்."

ஈஸ்வரியிடம் கேட்பதற்கு ஆயிரம் இருந்தன. "சீக்கிரம் வா," என்று மட்டும் சொன்னாள்.

முரண்டு பிடித்த ஜீப்பை ராஜவேலு எப்படிக் கிளப்பினாரோ தெரியாது. வழியெல்லாம் வாயே திறக்காமல் ஓட்டிப் போய், பொழுது சாய்வதற்குள் சந்திரனை அழைத்து வந்துவிட்டார். ஜோஹராவும் ஈஸ்வரியும் ஜீப்பில் ஏறிக்கொள்ள, எல்லோரும் ஈஸ்வரியின் ஊருக்குப் போனார்கள். வீட்டுக்குள் கயிற்றுக் கட்டிலில் ஈஸ்வரியின் மாமனார் மாதையன் சுருண்டு கிடந்தார். கண்பார்வை மங்கிப் பல நாளாகிறது. சந்திரன் கட்டிலருகே மண்டியிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, உங்க புள்ள வந்துட்டாரு," என்றாள் ஈஸ்வரி.

கிழவர் சிரிக்கப் பார்த்தார். "அவன் துபாய்ல கீறான். நான் சாவற நேரத்துல மனசு தேறட்டும்னு யாரையோ இட்டாந்து வெச்சிக்கினு சொல்ற."

"அப்பா, நான்தான்."

அழுது அழுது கம்மிப்போன குரல். அதையும் கிழவர் நம்பவில்லை. கையை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"நீ அவங்கூட வேல செய்றவனா? அவங்கிட்ட ஒண்ணு சொல்லுப்பா. என்னப் பாக்கறேன்னு வேலைய வுட்டுட்டு வந்துடப் போறான். வர வேணாம். அப்பா நல்லா கீறாருன்னு சொல்லு. சொல்றியா?"

ஈஸ்வரி ஜோஹராவைப் பார்த்தாள். தீர்த்துவைக்கச் சொல்லும் பார்வை அது. ஜோஹரா கதவுப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார்.

கிழவர் பிடித்த கையை விடாமல் பதிலுக்குக் காத்திருந்தார்.

"சொல்றேங்க," என்றான் சந்திரன்.