ஆடாத கை

"அந்த ரிமோட்டை எடுத்து என் கையில குடும்மா."

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, கேட்கவே கூடாது என்று அவளிடம் சொல்லியனுப்பியது இது ஒன்றைத்தான். வலித்தால் சொல்லலாம். கூசினால் சொல்லலாம். கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால் எப்போது வேண்டுமானாலும் வந்து நிற்கலாம். ஆனால் கை நடுக்கத்தை நிறுத்த மூளைக்குள் வைத்த கம்பிக்கு மின்சாரம் அனுப்புகிற, நெஞ்செலும்புக்குப் பக்கத்தில் தோலுக்கடியில் புதைத்த பெட்டியை அணைக்கிற அந்தக் கருவி மட்டும் முதல் சில மாதங்கள் வீட்டாரிடமே இருக்கட்டும். கையில் இருந்தால் தொட்டதற்கெல்லாம் அணைத்துப் பார்க்கத் தோன்றும், மனது பழகாது என்றார் ஆலோசகர். அவள் தலையாட்டினாள். அன்றைக்குத் தலையில் கட்டு இருந்தது. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டியிருப்பாள்.

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அடுத்தவர் துணியைத் தேய்த்துத் தேய்த்தே மகளைப் பட்டம் வாங்க வைத்தவள். முன்னறை முழுக்கச் சூடான பருத்தியின் வாசனை. ஜன்னலில் சாயங்கால வெளிச்சம் பழுத்துப்போய் நின்றது.

"எதுக்குடி இப்ப?"

"என் பையைப் பிரிச்சது யாரு?"

மதியம் அவள்தான் பையை அடுக்கினாள். இன்று சாயங்காலம் பஸ் ஏறினால் நாளைக் காலை வேறொரு ஊரில், நில அளவை அலுவலகத்தில், படம் வரைகிற வேலையில் சேரலாம். அடுக்கி முடித்துச் சற்றுக் கண்ணயர்ந்தாள். எழுந்தபோது பை கட்டிலில் தட்டையாகக் கிடந்தது. புத்தகங்கள் அலமாரிக்குப் போயிருந்தன, பேனாக்கள் டப்பாவுக்கு, துணிகள் பீரோவுக்கு. அதைக்கூடப் பொறுத்திருப்பாள். மடிப்புதான் உறுத்தியது. அம்மாவின் மடிப்பு அவளுக்குத் தெரியும். காலரை இரண்டு விரலால் நீவி மேலே காட்டுகிற தொழில்காரியின் மடிப்பு. அண்ணனுக்கு மடிக்கவே தெரியாது, விசிறியடிப்பான். அவளோ பிறந்ததிலிருந்து ஆடிய கையால் எதையும் சுருட்டித் திணித்தே பழகியவள். பீரோவில் இருந்த துணிகள் இந்த மூன்றிலும் சேராமல், கத்தியால் நறுக்கியதுபோல் ஓரம் பிடித்து நின்றன. ஒவ்வொரு சட்டையின் கைகளும் நெஞ்சுக்கு மேல் குறுக்காக வைக்கப்பட்டிருந்தன.

"நீதான பிரிச்சே. நான் பாத்தேன்." அம்மாவின் குரலில் பொய் இல்லை. "ஒவ்வொண்ணா எடுத்து, அவ்வளவு அழகா. கண்ணு பட்டுடும்னு நான் கூப்பிடக்கூட இல்ல."

வெளியே பைக் நின்றது. பட்டறையிலிருந்து அண்ணன் கிரீஸ் வாசனையோடு உள்ளே வந்தான். டிக்கெட்டை மேசைமேல் வைத்தான்.

"என்ன மேதாவி, இன்னும் கிளம்பலையா? பட்டம் வாங்கினவங்க வராங்கன்னு பஸ்காரன் கம்பளம் விரிச்சுட்டு நிக்க மாட்டான்."

"நீதான அமுக்குற?"

"எதை?"

"நான் கோபப்படும்போதெல்லாம் நீதான ரிமோட்டை அமுக்குற?"

அவன் சிரிக்கப் பார்த்து, அவள் முகத்தைப் பார்த்து, நிறுத்திக்கொண்டான்.

அவளுக்கு ஒரு சொத்து உண்டென்றால் அது கோபம்தான். ஆடுகிற கையோடு பரீட்சை எழுத ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னவர்களிடம், பாவம் என்றவர்களிடம், டம்ளரைத் தாமே வாயருகே நீட்டியவர்களிடம் அவள் பட்ட கோபம்தான் அவளைக் கல்லூரிவரை இழுத்துப் போனது. அது இப்போது பாதியில் நின்றுவிடுகிறது. அவளுடைய பழைய இரட்டைப் பிடிக் குவளையை, இனி எதற்கு என்று, அண்ணன் பழைய பாத்திரக்காரனுக்குப் போட்ட அன்றுதான் முதலில் கவனித்தாள். என்னைக் கேட்காமல் எப்படி என்று ஆரம்பித்தாள். இடது காதுக்குக் கீழிருந்து எறும்புகள் புறப்பட்டுக் கன்னத்தின் குறுக்கே ஊர்ந்தன, நாக்கு இனித்தது, வாக்கியத்தின் மீதிப் பாதியைக் காணவில்லை. பரவாயில்லை அண்ணா என்று அவள் வாய் சொன்னது. சிரிக்கவும் சிரித்தது. அன்று அவன் கை கால்சட்டைப் பையில் இருந்ததை அவள் பார்த்திருந்தாள்.

அண்ணன் பீரோவைத் திறந்தான். அடித்தட்டில் கையை விட்டு, துணியில் சுற்றிய அந்தக் கருவியை எடுத்து, மேசைமேல் வைத்து, முதுகுப்பக்கத்து மூடியைக் கழற்றிக் காட்டினான். பேட்டரி இரண்டும் கசிந்து, பாசி பிடித்ததுபோல் பச்சையாகப் பூத்துப் போயிருந்தன.

"வீட்டுக்கு வந்த வாரமே செத்துப்போச்சு. சொன்னா நீ பயப்படுவேன்னு சொல்லல. உள்ள இருக்கிற பெட்டி அதுபாட்டுக்கு ஓடும்னாங்க. யாரும் எதையும் அமுக்கலம்மா."

அம்மா என்று அவளைக் கூப்பிட்டான். அவன் அப்படிக் கூப்பிட்டது எப்போது என்று அவளுக்கு நினைவில்லை. இஸ்திரிப் பெட்டி ஆறும்போது எழுப்புகிற சின்னச் சத்தம் அறையில் கேட்டது. டிக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிக்.

இவர்கள் இல்லையென்றால் யார்?

ஆபரேஷன் நாள் ஞாபகம் வந்தது. தலையை இரும்புச் சட்டத்தில் முடுக்கி, விழித்திருக்க வைத்து, காகிதத்தை நீட்டிச் சுருள் வரையச் சொன்னார்கள். அவள் கோடு கோழி கிளறியதுபோல் போனது. பின்னால் யாரோ எதையோ திருப்பினார்கள். அந்த நொடியில் பேனா எண்ணெயில் இறங்கியதுபோல் வழுக்கிக்கொண்டு, ஒரு பிசிறில்லாமல், சுற்றிச் சுற்றி ஓடியது. எல்லாரும் கை தட்டினார்கள். கண்ணாடிக்கு அப்பால் அம்மா அழுதாள். இதை நான் வரையவில்லை என்று அவளுக்கு அப்போதே தெரிந்தது. அத்தனை பேர் சந்தோஷத்தில் அதை எப்படிச் சொல்வது. முழுங்கிவிட்டாள்.

சுவர்க்கடிகாரத்தையும் மேசைக் கடிகாரத்தையும் கழற்றி அவற்றின் பேட்டரிகளை உருவினாள். பச்சையைத் துடைத்துவிட்டு உள்ளே போட்டாள். திரை வெளுத்து எரிந்தது.

"அணைச்சா கை ஆடும்டி," என்றான் அண்ணன். "நாளைக்குப் பேனா பிடிக்கணும். வேலை போயிடும்."

"போகட்டும்."

"மறுபடியும் அந்தக் கஷ்டத்தை என்னால பாக்க முடியாது கண்ணு," என்றாள் அம்மா.

"ஆடட்டும்மா. ஆடினா அது என் கை."

நாற்காலியை இழுத்து மேசை முன் உட்கார்ந்தாள். வேலை, டிக்கெட், ஊரார் பேச்சு எல்லாவற்றையும் ஒரு மூச்சில் விட்டுவிட்டாள், மனது லேசாகிவிட்டது. திரையில் அணைக்கவா என்ற கேள்வி வந்தது. கட்டைவிரலை அதன்மேல் வைத்தாள்.

அழுத்து.

கட்டைவிரல் அசையவில்லை.

மரத்துப் போகவில்லை. கண்ணாடியின் குளிர்ச்சி தெரிந்தது. அழுத்து என்றாள். விரல் கேட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கு அது தெரிந்தது. கூப்பிடுவது காதில் விழுந்தும் திரும்பாதவர்கள் உட்கார்ந்திருப்பதுபோல் அது உட்கார்ந்திருந்தது. இன்னொரு கையை எடுக்கப் பார்த்தாள். அதுவும் மடியில் கிடந்தது. அழகாக. நேராக.

அண்ணா, நீ அழுத்து என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

எறும்புகள்.

காதுக்குக் கீழிருந்து. கன்னத்தில். உதட்டோரத்தில். இந்த முறை நிற்கவில்லை. கண்ணுக்குப் பின்னால் போயின. நாக்கு இனித்தது.

கை கருவியைக் குப்புறக் கவிழ்த்தது. மேசை ஓரத்துக்கு ஒட்டினாற்போல் நகர்த்தி, நேர் செய்தது.

"சரிம்மா," என்றது அவள் குரல். "நான் கிளம்புறேன்."

"என்னடி, அணைக்கலையா?"

"வேண்டாம். சும்மா கோபத்துல சொன்னேன்."

இல்லை.

"அப்பாடா," என்றான் அண்ணன். "ஒரு நிமிஷம் குலையே நடுங்கிடுச்சு. பையை அடுக்கு, கொண்டுபோய் விடுறேன்."

"பை வேண்டாம்ணா. இங்க இருக்கிற எதுவும் வேண்டாம். போற இடத்துல வாங்கிக்கிறேன்."

இல்லை அம்மா. அது நான் இல்லை.

அம்மா அருகில் வந்து, எறும்பு ஊர்ந்த அதே கன்னத்தைத் தடவினாள். கண் நிறைந்திருந்தது.

"இப்பதாண்டி என் பொண்ணு மாதிரி இருக்கே."

கால்கள் எழுந்தன.

அவள் எழவில்லை.

எழவில்லை என்பது அவளுக்கு உடனே புரியவில்லை. எதிரே ஒரு முதுகு தெரிந்தது. மழித்த இடத்தில் அரைகுறையாக வளர்ந்த முடி. காதுக்குப் பின்னால் தையல் போட்ட தழும்பு. அதிலிருந்து தோலுக்கடியில் கயிறுபோல் புடைத்து, கழுத்து வழியாக இறங்கிச் சட்டைக்குள் போகிற கம்பி. விரலால் தடவித் தெரிந்துகொண்டிருந்தாளே தவிர, கண்ணால் அதை அவள் பார்த்ததே இல்லை. யாராலும் தன் பிடரியைப் பார்க்க முடியாது.

பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் பைக் சாவியை எடுத்தான். அம்மா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வழியில் கிடந்த, அவள் இன்னும் உட்கார்ந்தே இருந்த நாற்காலியை மேசைக்கடியில் தள்ளினாள். அது எதிலும் இடிக்கவில்லை. முழுக்க உள்ளே போனது.

அவள் கத்தினாள்.

அம்மாவின் கை நாற்காலியின் முதுகிலேயே இருந்தது. பார்வை வாசலில். அங்கே அவள் உடம்பு ஒரு காலில் நின்று, கொஞ்சமும் தள்ளாடாமல், செருப்பின் வாரை நிதானமாக மாட்டிக்கொண்டு, படியிறங்கிப் போனது.