குரல் கொடு

அந்த இடத்தில் அமுதவாணி மூச்சு வாங்க மாட்டார். பல்லவி முடிந்ததும் புல்லாங்குழல்தான் வரும். கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற பாட்டு, ஜான்சிக்குத் தெரியாதா? ஆனால் இன்று காலை, பனி மூடிய உப்பளத்தில், வரப்பின் மேல் வைத்திருந்த ஸ்பீக்கரிலிருந்து குழலுக்குப் பதிலாக மூச்சு வந்தது. ஈரமான, அடைத்துக்கொண்ட மூச்சு.

"ஏய் சங்கீதா, பாட்டு ஒரு மாதிரி இல்ல?"

"பஜார்ல ஏத்துன மெமரி கார்டுதானேக்கா? வேற எப்படி இருக்கும்?" பக்கத்துப் பாத்தியில் சிரித்தாள் சங்கீதா. "லாரி வந்துட்டாப்ல இருக்குது, பாத்துட்டு வந்துர்றேன்." நாலு எட்டு வைப்பதற்குள் பனியில் மறைந்துபோனாள்.

'அமுதவாணி சூப்பர் ஹிட்ஸ்.' பாடகி செத்த வாரம் டீக்கடை, பஸ், எங்கும் இதே பாட்டுகள்தான். ஜான்சியும் ஆசை ஆசையாக ஏற்றிக்கொண்டு வந்தாள். அத்தனை பேரை உருக வைத்த மனுஷி, தொண்டையில் நோய் வந்து, கடைசிக் காலத்தில் ஒரு வார்த்தை பேச முடியாமல் கிடந்தாராம். பாவம் என்று ஜான்சி அழக்கூட அழுதாள்.

பலகையை இழுத்தாள். உப்பு கரகரவென்று ஒதுங்கியது. காலில் உப்புத் தண்ணீரின் பிசுபிசுப்பு, கால்வாய்ப் பக்கமிருந்து சேற்று வாடை, அதற்கு மேல் அந்தப் பாட்டு, தபேலாவும் வயலினும் ஒவ்வொன்றாக நின்றுபோய் வெறும் குரலாக, குரலும் தேய்ந்து வெறும் காற்றாக.

பனி நாளில் உப்பளத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஆள் தெரியாதபோது ஒருத்தி "குரல் கொடு" என்பாள், மற்றவள் "ஓய்" என்பாள். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் வரப்பில் நடப்பார்கள். ஜான்சியின் மகள் ஷாலினியும் அப்படித்தான் பள்ளிக்கூடம் போகுமுன் சாப்பாட்டுத் தூக்கோடு வருவாள். ஏழு வயசு. வரப்புக்கு ஒரு பக்கம் பாத்தி, மறுபக்கம் ஆள் ஆழத்துக்குக் கால்வாய். அம்மாவின் குரலைப் பிடித்துக்கொண்டே பிள்ளை வந்து சேரும்.

"குரல் கொடு."

மிக அருகில் கேட்டது. சங்கீதா திரும்பிவிட்டாள் என்று நினைத்து, குனிந்த தலை நிமிராமல், ஜான்சி "ஓய்" என்றாள்.

தொண்டைக்குள்ளிருந்து எதையோ உருவியதுபோல் இருந்தது. நிமிர்ந்தாள். யாரும் இல்லை. ஸ்பீக்கர் மட்டும்தான்.

சங்கீதா என்று கூப்பிட்டாள். காற்றுதான் வந்தது. இன்னொரு முறை. காற்று.

பாட்டு முதலிலிருந்து தொடங்கியது. அதே பல்லவி. அதே மெட்டு.

குரல் ஜான்சியுடையது.

வரப்பில் தூக்கு ஆடும் சத்தம். "எம்மா! எங்கம்மா இருக்க? குரல் குடு!"

ஜான்சி வாயைத் திறந்தாள். ஒன்றுமில்லை. பலகையால் தண்ணீரை அடித்தாள். பாட்டு இன்னும் சத்தமானது. ஓடினாள். சேறு. விழுந்தாள். எழுந்தாள். ஸ்பீக்கரைப் பிடுங்கக் கை நீட்டினாள். வெறும் வரப்பு. பாட்டு இப்போது கால்வாய்ப் பக்கம்.

நின்றது.

"ஷாலு..." ஜான்சியின் குரல்தான். ஜான்சியே ஒருநாளும் அவ்வளவு கனிவாகக் கூப்பிட்டதில்லை. "இங்கதான் இருக்கேன்டா கண்ணு. நேரா வா."

"தோ வர்றேம்மா!"

பனி ஒரு நொடி விலகியது. கால்வாய்க் கரையில் ஷாலினி, தண்ணீரைப் பார்த்துச் சிரித்தபடி, ஒரு காலை முன்னால் தூக்கியிருந்தாள்.