குதிருக்குள் கேமரா

கேமராவின் மேல்பக்கச் சின்னக் கண்ணாடியில், எடுத்த படங்களின் கணக்கு பத்தொன்பது என்று இருந்தது. நேற்று அம்சவள்ளி பார்த்தபோது பதினெட்டு.

கம்புக் குதிருக்குள் முழங்கை வரை கையை விட்டு அதைப் புதைத்து வைத்திருந்தாள். வீட்டில் அவளைத் தவிர யாருமில்லை.

கணவன் வெங்கடேசன் ஒரு சிங்கப்பூர்க்காரரிடம் வாங்கியது. எதையும் திருக வேண்டாம், தூரம் பார்க்க வேண்டாம். அமுக்கினால் டிக் என்று பிடித்துவிட்டு, கர்ர் என்று தானே அடுத்த படத்துக்குச் சுருளை நகர்த்திக்கொள்ளும். அதனால்தான் இடஒதுக்கீட்டு மறியல் அன்று, நைனார்பாளையம் சாலையில் வெட்டிப்போட்ட புளியமரத்தின் மேல், அதை வெட்டிய பதினோரு பேரும் கல்யாண வீட்டார் போல வரிசையாக ஏறி நின்றுகொண்டு, கேமராவை அவள் கையில் கொடுத்தார்கள்.

"இத்த அமுக்கு, போதும்," என்றான் வெங்கடேசன். அவனுக்கென்று இருக்கும் ஒரே படம் அது.

மறுநாளே போலீஸ் வந்தது. அவன் வெள்ளிமலைப் பக்கம் ஏறிவிட்டான். சுருள் அவர்களிடம் சிக்கினால் பதினோரு முகமும் சிக்கும். மூடியைத் திறந்து வெளிச்சம் காட்டினால் எல்லாம் அழிந்துவிடும். அவளுக்குத்தான் மனம் வரவில்லை.

கொழுந்தன் தங்கதுரை தினமும் வந்தான். மரத்தில் நின்றவர்களில் அவன் ஒருவன் மட்டும் ஒளியாமல், வெள்ளைச் சட்டையோடு ஊருக்குள் திரிந்தான்.

"இன்னா அண்ணி, கேமரா எங்க?"

"ஒங்க அண்ணன் எத்துக்கினு பூட்டாரு."

"அப்ப குதிருக்குள்ள கர்ர்னுதே, எலி படம் புடிக்குதா?"

அவன் போனதும் கதவைத் தாழிட்டாள். குதிரின் அடியைச் சுற்றி அடுப்புச் சாம்பலைத் தூவிவிட்டு எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். கம்பின் மக்கிய வாசனையும், ஓட்டின் மேல் காய்ந்த இலைகள் உரசும் சத்தமும், நாலு நாளாகப் பஸ் ஓடாத சாலையின் அமைதியும் சேர்ந்து மத்தியான வெக்கையில் அவள் இமையை அழுத்திக்கொண்டிருந்தபோது, தானியத்துக்கு அடியில்,

டிக். கர்ர்.

சாம்பலில் ஒரு தடமும் இல்லை.

கையை விட்டு எடுத்தாள். இருபது.

போதும், அழித்துவிடலாம். படம் போகப்போகிறதே என்று, அன்று அவனைப் பார்த்த துளையில் ஒருமுறை கண்ணை வைத்தாள்.

சுவர். நாள்காட்டி. வெங்கடேசன்.

கேமராவை இறக்கினாள். சுவர். நாள்காட்டி.

மறுபடி வைத்தாள். ஓரடி முன்னால் நின்றான். தலை முதல் கால் வரை ஈர மண்.

விரலால் மூடியை நெம்பினாள். உள்ளே இரண்டு கம்பு மணிகள். சுருள் இல்லை. யாரோ எப்போதோ எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

கதவு தட்டப்பட்டது.

"அண்ணி," தங்கதுரையின் குரல். "தொறங்க. அண்ணனப் பத்தி சேதி வந்திருக்குது."

அவள் எழவில்லை. காலிக் கேமரா கையில் கர்ர் என்றது. உயர்த்தினாள்.

துளை முழுக்க அவன் முகம். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். வாய் நிறைய மண்.

அவள் மடியில் அந்த மண் சொத்சொத்தென்று விழுந்தது. ஈரமாக. சில்லென்று.