குல்லா போட்ட மாரி

அஞ்சுகம் மகள் நிலாவோடு விழிதியூரில் புருஷனின் பூர்வீக வீட்டில் வந்து இறங்கியபோது நல்ல பட்டப்பகல். சிவக்குமார் செத்து ஒரு மாதமாகியும் அவளுக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் மரத்துக் கிடந்தது. வெந்நீர் பட்டால்கூட உறைக்காது.

நிலாவுக்கு வழியிலேயே காய்ச்சல். ஓரகத்தி ராஜம் குழந்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சாமி மாடத்தைக் காட்டினாள். மஞ்சளும் குங்குமமும் அப்பிய வெண்கலப் பதக்கம் ஒன்று இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, சிப்பாயாக, இருந்த சிவக்குமாரின் கொள்ளுத்தாத்தா கொண்டுவந்தது.

"மாரியாத்தாடி. இதுக்குப் பின்பக்கம் சாவல் உருவம் இருக்கு பாரு. ஆடிக்கு ஆடி ஒரு சாவல் அறுப்போம். மஞ்சத்தண்ணி தெளிச்சு, அது தலையைச் சிலுப்புனாத்தான் உத்தரவு. இந்த ஆடிக்குத் தம்பி, உன் புருஷன்தான் வேணாம்னு நிறுத்திட்டாரு."

அஞ்சுகம் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு டீச்சர். எரிச்சலோடு பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்த்தாள். குல்லா போட்ட பெண் தலை தெரிந்தது.

"மாரியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்லக்கா. இவ மரியான். பிரெஞ்சு சர்க்காருக்கு வச்ச பொம்பள உருவம். சாவல் அவங்க நாட்டுச் சின்னம். தாத்தா மரியான்னது உங்க காதுல மாரின்னு விழுந்திருக்கு."

"சர்க்காருன்னா ஆள் கேக்காதா? தாத்தாவோட போனவங்க எத்தனை பேரு திரும்புனாங்க?" ராஜம் முனகிக்கொண்டே சேவல் வாங்கக் கிளம்பினாள்.

வீடு அடங்கிப்போனது. மஞ்சள் வாடை மட்டும் போகவில்லை.

மாடத்திலிருந்து ஒரு பெண் குரல் பெயர் வாசித்தது.

தாத்தா காலத்துப் பழைய பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு பதிலுக்குக் காத்திருப்பதுபோல ஓர் இடைவெளி.

"சிவக்குமார்."

ஆஸ்பத்திரியில் அவன் கடைசியாகச் சொன்னது "ப்ரெஸான்". உள்ளேன் என்று அர்த்தம்; அவள் வகுப்புப் பிள்ளைகள் தினமும் சொல்வது. டீச்சரம்மாவைக் கேலி செய்கிறான் என்றுதான் அன்று நினைத்தாள்.

"நிலா."

தூக்கத்தில் குழந்தையின் உதடு பிரிந்தது.

"ப்ரெ..."

அஞ்சுகம் பாய்ந்து அதன் வாயைப் பொத்தினாள்.

"ப்ரெஸான்," என்றாள் அவளே.

கைக்குள் நிலாவின் முகம் வேர்த்துக் குளிர்ந்தது. காய்ச்சல் விட்டிருந்தது.

சேவலைக் கக்கத்தில் இடுக்கி வந்த ராஜம் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அசையாதடி அஞ்சுகம்," என்று கிசுகிசுத்தாள்.

உச்சந்தலையில் ஏதோ சொட்டியது. மஞ்சள் தண்ணீர்; தெளித்த கை எதுவும் தெரியவில்லை. ஒரு மாதமாக எதுவும் உறைக்காத உடம்பில் அது சில்லென்று இறங்கியது. அவள் பல்லைக் கடித்துக் கழுத்தை விறைத்துக்கொண்டாள்.

அவள் தலை தானாகச் சிலுப்பிக்கொண்டது.